ரத்தம் சொன்ன சேதி

அத்தியாயம் 14

கண்ணமங்கலத்தில் கூட்டம் இறங்கிய பிறகுதான் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. தேவகி கணவரை ஜன்னல் பக்கம் அனுப்பிவிட்டு ஓரத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவர் முகத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

நல்ல முகம். கண்ணுக்குக் கீழே வீக்கம் இல்லை. மூக்கும் தாடையும் எடுப்பாகத் தெரிந்தன. கல்யாணமான புதிதில் பார்த்த மாணிக்கவேல் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

"இன்னா அப்படிப் பாக்கற?"

"மொகம் தெளிஞ்சிகினு வருது. டாக்டரம்மா இன்னிக்கு நல்ல சேதிதான் சொல்லும், பாருங்க."

மாணிக்கவேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்த வாரம்தான் இந்தக் குடும்பத்துக்குள் காலெடுத்து வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆரணியில் வீட்டோடு மூன்று பட்டுத் தறி போட்டு, அதில் ஒன்றில் தானே உட்கார்ந்து நெய்கிறவர் மாணிக்கவேல். நாலு வருஷத்துக்கு முன்னால், வயிற்றின் இடது பக்கம் கல்லை வைத்துக் கட்டினாற்போலக் கனக்கிறதே என்று வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். ரத்தப் புற்றுநோய் என்றார்கள். அதில் சி.எம்.எல். என்று ஒரு வகை. மெதுவாக நகர்கிற வகை. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு மாத்திரை விழுங்க வேண்டும், ஒரு நாளும் விடக் கூடாது, விடாமல் இருந்தால் எல்லோரையும் போல வேலை செய்யலாம், வாழலாம் என்றார்கள்.

புற்றுநோய்க்கு மாத்திரையா என்று தேவகி முதலில் நம்பவில்லை. சில மாதத்திலேயே வயிற்றுக் கட்டி கரைந்து, ரத்தம் ஒழுங்குக்கு வந்ததைப் பார்த்த பிறகு, அந்த மாத்திரை டப்பாவை சாமி மாடத்தில் படவேட்டு அம்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

வியாதி விஷயம் வீட்டில் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். மூன்றாவது ஆள் ஒரே மகள் ஜெயப்ரியா. அவளுக்குக் களம்பூரில் சம்பந்தம் பேசி நிச்சயமும் ஆகிவிட்டது. மாப்பிள்ளை சரவணன் செய்யார் கம்பெனியில் சூப்பர்வைசர். தை மாதம் கல்யாணம். களம்பூர்க்காரர்களிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

போன தடவை வந்தபோது பி.சி.ஆர். பரிசோதனையில் நோயின் அளவு கொஞ்சம் ஏறியிருப்பதாக டாக்டர் சொன்னார். பயப்பட வேண்டாம், இன்னொரு தரம் பார்த்துவிடலாம் என்று மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பினார். அந்த முடிவுக்காகத்தான் இன்றைய பயணம்.

தேவகி பயப்படவில்லை. நாலு வருஷமாக ஒரு வேளை தவறாமல் தன் கையால் மாத்திரை கொடுத்து வருகிறாள். அவளுக்கு எதற்குப் பயம்?

* * *

ஆஸ்பத்திரியில் காலையிலேயே ரத்தம் எடுத்துவிட்டு உட்கார வைத்தார்கள். கூப்பிட மத்தியானம் ஆனது.

அந்த டாக்டரம்மா மாணிக்கவேலைப் பார்த்ததும் எப்போதும் முதலில் கேட்பது, "தறி எப்படி ஓடுது?" என்றுதான். தீபாவளிக்குப் பட்டு எடுக்க ஆரணிக்கு வருவதாக வருஷா வருஷம் சொல்வார், வந்ததில்லை. இன்றைக்கு அவர் தறியைப் பற்றிக் கேட்கவில்லை. "சட்டையைத் தூக்கிக்கிட்டுப் படுங்க" என்றார்.

டாக்டர் இடது விலாவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினார். கொஞ்சம் இறக்கி அழுத்தினார். இன்னும் இறக்கினார்.

"மண்ணீரல் மறுபடியும் தட்டுப்படுது" என்றார். "இங்க கனமா இருக்கிறது உங்களுக்குத் தெரியலையா?"

"கொஞ்சமா" என்றார் மாணிக்கவேல்.

"கொஞ்சமாவா? என்கிட்ட சொல்லவே இல்லையே!" என்றாள் தேவகி.

டாக்டர் நாற்காலிக்குத் திரும்பினார். கணவன் மனைவி இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். கதவை மூடச் சொன்னார்.

"ஒளிவு மறைவில்லாம சொல்லிடறேன். பி.சி.ஆர். நிறைய ஏறியிருக்கு. போன வருஷம் நோய் இருக்கான்னே தேட வேண்டியிருந்தது. இப்ப தேட வேண்டிய அவசியமே இல்ல. அதைவிட முக்கியமா, இன்னிக்குக் காலையில எடுத்த ரத்தத்துலயே வெள்ளை அணுக்கள் கூடியிருக்கு. அதுல முதிராத அணுக்களும் தெரியுது. இதுவரைக்கும் மெதுவா நடந்துகிட்டிருந்த நோய் ஓட ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம்."

"ஆரணி லேபுல மாசா மாசம் ரத்தம் பாக்கறோமே டாக்டர்? எல்லாம் சரியா இருக்குதுன்னாங்களே!"

"போன மாசம் பார்த்தீங்களா?"

தேவகி விழித்தாள். போன மாதம் நிச்சயதார்த்தம். பத்திரிகைக்கும் மண்டபத்துக்கும் அலைந்ததில் லேபுக்குப் போவது விட்டுப்போனது. "அதுக்கு முந்தின மாசம் நல்லா இருந்துச்சு" என்றாள், குரல் இறங்கி.

"லேபுல ரத்த அணுவை எண்ணிப் பார்க்கிறது வேற. அது கடைசியாத்தான் காட்டும். அதுக்கு ரொம்ப முன்னாடியே பி.சி.ஆர். காட்டிக் கொடுத்துடும். மாத்திரை ஒழுங்கா போடறாரா?"

"என் கையால குடுக்கறேன் டாக்டர். சாப்பிட்டு முடிச்சதும் தட்டுல கை இருக்கும்போதே குடுத்துடுவேன். பெரிய சொம்பு நிறையத் தண்ணியும் குடுப்பேன். ஊருக்குப் போனாக்கூட முந்தானையில முடிஞ்சிகினு போவேன்."

டாக்டர் தலையை ஆட்டினார். "அப்படின்னா மருந்து கேட்காமப் போயிட்டிருக்கு. சில பேருக்கு அப்படி ஆகும். உங்க மேல தப்பில்ல. நோய் தன்னை மாத்திக்கிட்டிருக்கான்னு பார்க்க ஒரு டெஸ்ட் அனுப்பறேன். அது வர ரெண்டு மூணு வாரம் ஆகும். ஆனா அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாது. எலும்பு மஜ்ஜை மாத்தறதைப் பத்தி இப்பவே யோசிக்கணும். உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க?"

"யாரும் இல்லீங்க. நான் ஒருத்தன்தான்."

"பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு."

"திங்கட்கிழமை பொண்ணை அழைச்சிட்டு வாங்க. பெத்த பிள்ளைக்கு முழுசாப் பொருந்தறது அபூர்வம்தான். இருந்தாலும் ரத்தம் எடுத்துப் பார்த்துடணும்."

அதுவரை மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்த மாணிக்கவேல் சட்டென்று நிமிர்ந்தார்.

"பொண்ணு வேணாங்க. தையில அதுக்குக் கல்யாணம் வச்சிருக்குது. அதை இங்கெல்லாம் இழுக்காதீங்க."

"கல்யாணத்துக்கும் இதுக்கும்..."

"மாத்திரை மேல தப்பில்லீங்க டாக்டர்" என்றார் மாணிக்கவேல். "நான்தான் முழுங்கல."

தேவகிக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தது. ஆனால் விளங்கவில்லை. வேறு யாரையோ பற்றிச் சொல்கிறார் போல என்று அவர் வாயைப் பார்த்தாள்.

"இவ குடுப்பா. வாயில போட்டுத் தண்ணி குடிப்பேன். கன்னத்துல ஒதுக்கி வச்சிகினு, கை கழுவப் போறப்ப துப்பிடுவேன். தெனமும் இல்லீங்க. வாரத்துல ரெண்டு நாள், மூணு நாள் முழுங்குவேன். ஒரேயடியா விட்டுட பயமா இருந்துச்சி."

"எப்போலேருந்து?"

"பொண்ணு பாக்க வந்தாங்க இல்ல, சித்திரையில. அப்பலேருந்து."

அப்போது ஒரு விசித்திரம் நடந்தது. தேவகி சிரித்துவிட்டாள். பாரமெல்லாம் இறங்கிவிட்டதைப் போல, கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள்.

"அய்யோ, அவ்ளோதானா! மருந்து கெட்டுப் போவல, இவர்தான் போடல! இனிமே நான் வாயைப் பிடிச்சிப் போடறேன் டாக்டர். போட்டா பழையபடி எறங்கிடும் இல்ல? மொத தடவை அப்படித்தானே எறங்குச்சி?"

டாக்டர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். திட்டினால் கூடத் தேவகிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

"அம்மா, அரைகுறையா மருந்து போனா என்ன ஆகும்னு சொல்றேன். அந்த மருந்துக்குச் சாகாம தப்பிச்ச அணு ஒண்ணு ரெண்டு இருந்தா, அதுதான் பெருகும். அது பெருகினப்புறம் எவ்வளவு மருந்து குடுத்தாலும் அதுக்கு உறைக்காது. அப்படி ஆகியிருக்கான்னு பார்க்கத்தான் அந்த டெஸ்ட். ஆகலைன்னா நம்ம அதிர்ஷ்டம்."

"ஆகியிருந்தா?"

"புதுசா வேற மாத்திரை வந்திருக்கு. ஆனா ஒரு குறிப்பிட்ட மாற்றம் வந்திருந்தா, அதுக்கும் கேட்காது."

"அப்ப?"

டாக்டர் அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. மாத்திரையைக் காலையில் நாலு, ராத்திரி நாலு என்று கூட்டி எழுதினார். எழுதிக் கொடுத்துவிட்டு, "பொண்ணை அழைச்சிட்டு வாங்க" என்றார் மறுபடி. இந்தத் தடவை தேவகியைப் பார்த்து.

* * *

வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஆரணி பஸ் கிளம்ப நேரமிருந்தது. மாணிக்கவேல் டீ வாங்கி வந்தார். தேவகி கையை நீட்டவில்லை. அவர் இரண்டு டம்ளரையும் பிடித்துக்கொண்டு நின்றார். சூடு தாங்காமல் ஒன்றை சிமெண்ட் பெஞ்சில் வைத்தார்.

"எங்க துப்பினீங்க?" என்று கேட்டாள்.

"தேவகி..."

"எங்கன்னு கேக்கறேன்."

"பின்னால. கை கழுவற எடத்துல. தண்ணி ஊத்தி விட்டுடுவேன்."

தினமும் காலையில் அந்த இடத்தைத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுகிறவள் அவள்தான். சித்திரையிலிருந்து ஐப்பசி வரைக்கும் கழுவியிருக்கிறாள். அவர் உயிரைத் தன் கையாலேயே தண்ணீர் விட்டுத் தள்ளியிருக்கிறாள்.

"ஏன்?" என்றாள்.

மாணிக்கவேல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கி மாப்பிள்ளையோட மாமன் கேட்டாரே, ஞாபகம் இருக்குதா? 'இன்னாங்க மொகமெல்லாம் ஊதிகினு இருக்குது, கிட்னி கோளாறா'ன்னு. எல்லாரும் என் மொகத்தையே பாத்தாங்க. பிரியாவும் பாத்திச்சி. அதும் மொகம் செத்துப்போச்சி. மாத்திரையாலதான் வீக்கம்னு எனக்குத் தெரியும். ஒரு வாரம் விட்டுப் பாக்கலாம்னு விட்டேன். மொகம் வத்திச்சி."

"வத்தினதும் போட வேண்டியதுதானே?"

"போடணும்னுதான் நெனைச்சேன்." அவர் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டார். "நாலு வருஷமா இந்தக் கால் பிடிச்சி இழுக்கும், உனக்குத்தான் தெரியுமே. தறியில உக்காந்து மிதிக்கறப்ப உசிரு போவும். அது நின்னுபோச்சி. ஒரு நாள் முழுக்கத் தறியில உக்காந்து எழுந்தேன், வலியே இல்ல. நாலு வருஷத்துல மொத தடவையா வியாதிக்காரன் இல்லாத மாதிரி இருந்துச்சி தேவகி. அதை விட மனசு வரல."

அவர் சொன்னது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. சூழ்ச்சி செய்திருந்தால் கோபப்படலாம். கால் வலிக்காமல் ஒரு நாள் இருக்க ஆசைப்பட்ட மனுஷனை என்ன செய்வது?

"என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீ உட்டுடுவியா?"

"உட மாட்டேன்."

"அதான்" என்றார்.

பஸ் வந்தது. இருவரும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து ஆரணி வந்து சேர்ந்தார்கள். பக்கத்தில் இடமிருந்தும் தேவகி போய் உட்காரவில்லை. வழி நெடுக டாக்டர் பதில் சொல்லாமல் விட்ட அந்த ஒரு கேள்வியை மனசுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

* * *

வீட்டு வாசலில் புதுச் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது.

"ஜல்தி வாம்மா. அத்தை வந்து ரொம்ப நேரமா உக்காந்துகினு இருக்காங்க" என்று ஜெயப்ரியா வாசலுக்கே ஓடி வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ரிசல்ட் இன்னா?"

"அப்புறம் சொல்றேன்."

உள்ளே மாப்பிள்ளையின் அம்மா ரேணுகாம்பாள் தறிப் பக்கம் நின்றிருந்தார். முகூர்த்தப் புடவையைச் சம்பந்தியே நெய்து கொடுக்கட்டும், வெளியே எடுக்க வேண்டாம் என்று சொன்னவர் அவர். அரக்கில் பச்சைக் கரை. பாதி ஓடியிருந்ததைப் பார்த்துப் பூரித்துப் போயிருந்தார். கணவரை இழந்து பல வருஷம் ஆகிறது. எதற்கும் அண்ணனைக் கேட்டு நடக்கிறவர் என்றாலும், வெள்ளை மனசுக்காரி என்று தேவகிக்கு முதல் நாளே தோன்றியது.

"வாங்க அண்ணி, வாங்கண்ணா. சொல்லாம கொள்ளாம வந்துட்டேன், கோச்சிக்காதீங்க. புடவையைப் பாக்காம இருப்புக் கொள்ளல." சொல்லிக்கொண்டே மாணிக்கவேலை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணா, இப்ப மொகம் எவ்ளோ களையா ஆயிடுச்சி! அன்னிக்கி எங்க அண்ணன்தான் பயந்துட்டாரு. எங்க வீட்டுக்காரரு கிட்னியால போனவரு இல்லியா, ஊதின மொகத்தைப் பாத்தாலே எங்களுக்குத் திக்குன்னு ஆயிடும். இப்ப பாருங்க, மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க!"

மாணிக்கவேல் சிரித்தார். நிஜமாகவே சந்தோஷப்பட்டுச் சிரித்தார்.

தேவகி சமையல்கட்டுக்குள் போய் நின்றுகொண்டாள். என்ன செய்ய வந்தோம் என்று தெரியவில்லை. ஜெயப்ரியா தோசை வார்த்து எடுத்துப்போனாள். கூடத்தில் பேச்சு சலசலத்தது. வேலூருக்கு எதற்குப் போனீர்கள் என்று ரேணுகாம்பாள் கேட்பதும், ஜரிகை விஷயமாக ஒருத்தரைப் பார்க்க என்று அவர் சொல்வதும் கேட்டது. எவ்வளவு சரளமாகச் சொல்கிறார்! இப்படித்தான் தன்னிடமும் சித்திரையிலிருந்து சொல்லி வந்திருக்கிறார்.

தட்டு நகரும் சத்தம் கேட்டது. சாப்பிட்டு முடித்து மாணிக்கவேல் எழுந்தார். கை கழுவப் பின்பக்கம் நடந்தார்.

அந்த நடையைப் பார்த்ததும் தேவகிக்குள் ஏதோ அறுந்தது.

சாமி மாடத்துக்குப் போய் டப்பாவைத் திறந்து, எண்ணி எடுத்து, தண்ணீர்ச் சொம்போடு அவர் வழியை மறித்து நின்றாள்.

"கை அப்புறம் கழுவலாம். போடுங்க."

"இப்ப வேணாம் தேவகி. அப்புறம்."

"அப்புறம் கெடையாது."

ரேணுகாம்பாள் திரும்பிப் பார்த்தார். "இன்னா அண்ணி, இத்தினி மாத்திரை? பிரஷரா?"

"கால் வலிக்கு" என்றார் மாணிக்கவேல் அவசரமாக.

"கால் வலிக்கு இல்ல" என்றாள் தேவகி. அவள் குரல் அவளுக்கே அடுத்த வீட்டிலிருந்து கேட்பது போல இருந்தது. "ரத்தத்துல கேன்சர். நாலு வருஷமா மாத்திரை சாப்பிடறாரு. உங்க வீட்டுல மொகத்தைப் பத்திக் கேட்டதும் நிறுத்திட்டாரு. இப்ப ஏறிப்போச்சி."

ஜெயப்ரியா கையிலிருந்த தோசைத் தட்டைக் கீழே வைத்தாள். ரேணுகாம்பாள் எழுந்திருக்கவில்லை. தேவகியின் கையிலிருந்த மாத்திரைகளைப் பார்த்தார்.

"பொண்ணுக்கு...?" என்றார் பிறகு.

"பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. இது பரம்பரையா வர்ற வியாதி இல்லன்னு டாக்டர் மொதல்லயே சொல்லிட்டாங்க."

"டாக்டர் சொன்னாங்க. நீங்க சொல்லலியே அண்ணி." அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. "நான் ஒருத்தரை ரெண்டு வருஷம் மடியில வச்சிப் பாத்தவ. வாந்தி எடுத்தா கையில ஏந்தினவ. என்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எப்படித் தோணுச்சி உங்களுக்கு?"

தேவகி சொம்பைக் கீழே வைத்தாள்.

ரேணுகாம்பாள் பையை எடுத்துக்கொண்டார். "சரவணன் ஷிப்டு முடிஞ்சி வரட்டும். எங்க அண்ணன் இருக்காரு. கேட்டுகினு சொல்றேன்." வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு ஒரு கணம் நின்றார். திரும்பிப் பார்ப்பார் என்று தேவகி நினைத்தாள். பார்க்கவில்லை.

* * *

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாம்மா?" ஜெயப்ரியா அம்மா பக்கம் திரும்பினாள். "என் கல்யாணம் இல்லியா இது? நாலு வருஷமா யார்கிட்டயும் சொல்லாதேன்னு என் வாயைக் கட்டினவ நீதானே! சரவணன்கிட்ட சொல்லிடறேன்னு நான் எத்தினி தடவை கெஞ்சினேன்? இப்ப நீயே போட்டு ஒடைச்சிட்டு நிக்கற!"

மாணிக்கவேல் தறி மேடையில் போய் உட்கார்ந்துவிட்டார். தேவகி திணித்த மாத்திரைகள் அவர் உள்ளங்கையில் வியர்வையில் பிசுபிசுத்துக் கொண்டிருந்தன.

"இதுக்குத்தானே தேவகி அத்தினியும் பண்ணேன்" என்றார். "அது கழுத்துல தாலி ஏறட்டும், அப்புறம் நான் எப்படிப் போனாலும் பரவாயில்லன்னு. அதையும் கெடுத்துட்ட. இனிமே இதை முழுங்கி இன்னா ஆவப் போவுது?"

ஜெயப்ரியா அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். ரேணுகாம்பாளிடம் அம்மா சொன்ன பேச்சுக்கு நடுவில் ஓடிவிட்ட அந்த ஒரு வார்த்தை இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நிறுத்திட்டாரா? மாத்திரையை நிறுத்திட்டாரா?"

மாணிக்கவேல் மாத்திரை இருந்த கையை மூடிக்கொண்டார்.

"எனக்காகவா?"

மாணிக்கவேல் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜெயப்ரியா அழவில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒரு மாத்திரையை எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"தொறங்கப்பா."

அவர் வாயைத் திறந்தார். தண்ணீர் கொடுத்தாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தாள்.

"ஆ காட்டுங்க. நாக்கைத் தூக்குங்க. கன்னத்தைக் காட்டுங்க." கிளாஸ் எடுக்கிற டீச்சரைப் போல, இரக்கமே இல்லாமல், ஒவ்வொரு மாத்திரைக்கும் அப்படிப் பார்த்தாள். கடைசி மாத்திரை இறங்கியதும் மாணிக்கவேலுக்குத் தோள் குலுங்கியது. ஊர் முழுக்க மதிக்கிற மனுஷன், பெற்ற மகள் முன்னால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதார்.

"இனிமே நான்தான் குடுப்பேன்" என்றாள் அவள். "காலைலயும் நான்தான். ராத்திரியும் நான்தான். கல்யாணம் நின்னா நிக்கட்டும். மாத்திரை ஒழுங்கா போனா ரெண்டு மாசத்துல எறங்கிடும். முன்னாடி எறங்குச்சி இல்ல?"

தேவகி சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் முகத்தில் இருந்த உறுதியைப் பார்த்தாள். இது இனி இறங்காமலே போகலாம் என்பதை இவளிடம் எப்படிச் சொல்வது? திங்கட்கிழமை நீ வேலூருக்கு வந்து ரத்தம் கொடுக்க வேண்டும் என்பதை? அது பொருந்தாது என்று டாக்டரே பாதி சொல்லிவிட்டார் என்பதை?

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். ஜெயப்ரியாவின் செல்போன் அடித்தது.

"சரவணன்" என்றாள் ஜெயப்ரியா. எழுந்து பின்பக்கம் போனாள்.

அங்கிருந்து அவள் குரல் மட்டும் துண்டு துண்டாகக் கேட்டது. "ம்... ம்... ஆமா... நாலு வருஷம்... எனக்கும் தெரியும்." பிறகு நீண்ட நேரம் எதுவும் கேட்கவில்லை. மாணிக்கவேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயப்ரியா திரும்பி வந்தாள். போனை அணைக்கவில்லை, பேசுகிற பக்கத்தை உள்ளங்கையால் பொத்தியிருந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனாலும் முகத்தில் சின்னதாக ஒரு நம்பிக்கை.

"அவர் கோபமாத்தான் பேசறாரு. ஆனா வேணாம்னு சொல்லலம்மா. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாரு. 'இதுக்கு மேல மறைச்சது ஏதாவது இருக்குதா'ன்னு. இல்லன்னு சொல்லப் போறேன். இல்லதானே?"

மாணிக்கவேல் மனைவியைப் பார்த்தார். கண்ணாலேயே கெஞ்சினார். இல்லை என்று சொல். ஒரே ஒரு வார்த்தை, சொல்லிவிடு.

தேவகி மகள் பக்கம் நடந்து போனாள். போனைப் பொத்தியிருந்த அவள் கையை மெல்ல விலக்கினாள், அவனுக்கும் கேட்கட்டும் என்று.

"இருக்குது" என்றாள்.